தூணை வார்க்கும் பலகை: ஓரம் ஏன் முக்கியம்?

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பந்திங் அல்லது கேரித் தீவுப் பக்கம் போகும்போது கட்டுமான இடங்களைக் கவனித்திருப்பீர்கள். தூண் எழும்ப வேண்டிய இடத்தில் பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் வழவழப்பான பலகைகள் பெட்டிபோல நிறுத்தப்பட்டிருக்கும். கூழாக ஊற்றப்படும் கான்கிரீட் இறுகும்வரை அதற்கு வடிவம் கொடுப்பவை இவைதான். இவற்றைப் படலம் பூசிய பிளைவுட் என்கிறோம்.

பலகை தாங்கும் அழுத்தம்

ஊற்றிய கான்கிரீட், இறுகும்வரை ஏறக்குறையத் திரவம்போல் பலகையைத் தள்ளும். படிவம் 5 இயற்பியலில் படிக்கும் சூத்திரமே இங்கும் உதவுகிறது: அழுத்தம் = உயரம் × அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம். கான்கிரீட்டின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோகிராம். 3 மீட்டர் உயரத் தூணை ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் அழுத்தம் 3 × 2,400 × 9.81 = 70,632 பாஸ்கல். அடிப்பகுதியில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 7 டன் எடைக்குச் சமமான விசை!

அதனால்தான் பலகையைத் தாங்கும் சட்டங்களைக் கீழே நெருக்கமாகப் பொருத்துகிறார்கள். சட்டங்களுக்கு இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால், பலகை வளையும் அளவு 16-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

அடுக்கும் படலமும்

மரம் ஈரத்தில் நார்களின் குறுக்கே அதிகமாக உப்பும். நீளவாக்கில் மிகக் குறைவாகவே உப்பும். பிளைவுட்டில் மெல்லிய மரத் தகடுகளை ஒன்றுக்கொன்று 90 பாகையில் திருப்பி ஒட்டுவதால், ஓர் அடுக்கு உப்ப முயன்றால் அடுத்த அடுக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

மேலே உள்ள படலம், ஃபீனால் பிசினில் ஊறிய தாள். சூட்டிலும் அழுத்தத்திலும் அது பலகையோடு இறுகிவிடுகிறது. 1907-இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்லைட் என்ற பிளாஸ்டிக்கின் உறவினர் இது. ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாது. நீரை எளிதில் உள்ளே விடாது.

பலவீனமான இடம்

ஆனால், படலம் இருப்பது இரு முகங்களில் மட்டுமே. பலகையை அறுத்தால் ஓரத்தில் மர நார்களின் வாய்கள் திறந்துகொள்ளும். கட்டிய உறிஞ்சுகுழல்களைப்போல அவை நீரை இழுக்கும். ஓரம் தடித்து, பக்கத்துப் பலகையோடு சமமாகப் பொருந்தாமல் இடைவெளி விழும். அதன் வழியே சிமெண்டுப் பால் கசிந்தால், தூணில் வெறும் கற்களும் தேன்கூடு போன்ற பொந்துகளும் மிஞ்சும். உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை நீரும் காற்றும் எட்டிவிடும். கடலுக்கு அருகிலுள்ள இடங்களில் உப்பும் சேர்ந்தால் துரு இன்னும் வேகமாகப் பரவும். துருப்பிடித்த இரும்பு பருத்து, கான்கிரீட்டையே பிளக்கும். பூசாமல் விட்ட ஓரம், கட்டடத்தின் ஆயுளைக் குறைக்கக்கூடும்.

பொருத்தும் முறை

1. அறுத்த ஓரங்களுக்கும் துளைகளுக்கும் உடனே நீர்புகாப் பெயிண்ட் பூச வேண்டும்.
2. மேல் அடுக்கின் நார்கள் தாங்கும் சட்டங்களுக்குக் குறுக்காக ஓட வேண்டும். பலகைக்கு வலு அந்தத் திசையில்தான் அதிகம்.
3. கம்பி கட்டுமுன் பலகையில் மெல்லியதாக எண்ணெய் தடவ வேண்டும். கம்பியில் எண்ணெய் பட்டால் கான்கிரீட் சரியாகப் பிடிக்காது.
4. கழற்றிய பலகையைச் சுத்தம் செய்து, நிழலில், தரையில் படாமல் கிடையாக அடுக்க வேண்டும்.

இப்படிப் பேணினால் ஒரே பலகை பல தூண்களை வார்க்கும். வெட்டப்படும் மரங்களும் குறையும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு பிளைவுட் துண்டுகளின் இரு முகங்களிலும் எண்ணெய்ப் பெயிண்ட் பூசுங்கள். ஒன்றுக்கு மட்டும் ஓரங்களிலும் இருமுறை பூசுங்கள். காய்ந்தபின் எடையையும் ஓரத் தடிப்பையும் குறித்துக்கொண்டு, 24 மணி நேரம் நீரில் அமிழ்த்தி வையுங்கள். பிறகு மீண்டும் அளந்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: 2 மீட்டர் உயரச் சுவரை ஒரே மூச்சில் வார்த்தால் அடியில் அழுத்தம் எவ்வளவு?
விடை: 47,088 பாஸ்கல்.