வகுப்பு வீடியோவை எங்கே வைப்பது? சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

விழுப்புரத்தில் இயங்கும் குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமத்துப் பிள்ளைகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் கட்டற்ற மென்பொருளைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறது. இப்படிப்பட்ட குழு எந்த ஊரில் இருந்தாலும் ஒரு கேள்வி வராமல் இருக்காது: வகுப்பைப் பதிவு செய்தாயிற்று, இவ்வளவு பெரிய கோப்பை எங்கே வைப்பது? ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அவற்றில் பாதி நம்பிக்கைதான்.

நம்பிக்கை: யூட்யூபில் ஏற்றியாயிற்று, இனிக் கவலையில்லை.

ஆள் சேர்க்க யூட்யூப் வேண்டும், தாராளமாக ஏற்றுங்கள். ஆனால் சேனல் வைத்திருப்பவரே ஸ்டூடியோவிலிருந்து தன் வீடியோவைத் திரும்ப இறக்கினால் 720பி அல்லது அதற்கும் குறைந்த தரத்தில்தான் கிடைக்கும். 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே பறிபோகலாம். உரிமத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பெயர் குறிப்பிட்டால் போதும் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைத்தான் யூட்யூப் தருகிறது. ‘மாற்றினால் அதே உரிமத்தில் பகிர்’ என்ற நிபந்தனையோடு வெளியிட நினைப்பவருக்கு அங்கே தேர்வு இல்லை. மூலக்கோப்பை எடுத்து வெட்டி ஒட்டிப் புதுப் பாடம் செய்ய நினைக்கும் மாணவருக்கும் வழி இல்லை. கட்டற்ற மென்பொருள் வகுப்பைக் கட்டிப்போட்டு வைப்பதில் என்ன பொருள்?

நம்பிக்கை: நிரல் இருக்கும் கிட் களஞ்சியத்திலேயே வீடியோவையும் போட்டுவிடலாம்.

கூடாது. கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை உள்ளேயே விடாது. அதற்குக் குறைந்ததைப் போட்டுவிட்டு நாளைக்கு அழித்தாலும், அது பழைய வரலாற்றில் தங்கிவிடும். களஞ்சியத்தை நகலெடுக்கும் ஒவ்வொருவரும் அந்தச் சுமையையும் சேர்த்தே இறக்க வேண்டியிருக்கும்.

நம்பிக்கை: கோப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு தரம்.

இந்த ஒன்றை விட்டொழித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 5 மெகாபிட் வீதம் பதிந்த ஒரு மணி நேர வகுப்பு சுமார் 2.25 ஜிபி. அதையே 1 மெகாபிட்டில் சுருக்கினால் 450 எம்பி. கறுப்புத் திரையில் கட்டளைகள் நகர்கிற பாடத்துக்கு இதுவே தாராளம். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் போதும். பேச்சை மட்டும் பிரித்து ஓப்பஸ் வடிவில் 32 கிலோபிட்டில் வைத்தால் மணிக்கு 15 எம்பிகூட வராது. பேருந்தில் போகும்போது போனில் கேட்டுக்கொண்டே போகலாம். 2012இல் இணையத் தரமாக வெளிவந்த ஓப்பஸ், யாருக்கும் உரிமத்தொகை கட்டாமல் பயன்படுத்தக்கூடியது. காசு செலவழிக்க வேண்டுமென்றால் கேமராவை விட்டுவிட்டு நல்ல மைக் வாங்குங்கள். மங்கலான படத்தோடு பாடம் படித்துவிடலாம், கரகரப்பான குரலோடு முடியாது.

நம்பிக்கை: சொந்தமாக ஒரு சர்வர் வைத்துவிட்டால் எல்லாம் நம் கையில்.

பிரான்சின் ஃப்ராமாசாஃப்ட் அமைப்பு உருவாக்கும் பியர்டியூப் மென்பொருளைக் கொண்டு யாரும் தங்கள் வீடியோ தளத்தை நிறுவிக்கொள்ளலாம். பார்ப்பவர்களே கோப்பின் துண்டுகளைத் தங்களுக்குள் பகிர்ந்து சர்வரின் சுமையைக் குறைக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. ஆனால் ஒரே நேரத்தில் பலர் பார்த்தால்தான் அந்தப் பகிர்வு நடக்கும். ஆறு மாதம் கழித்து ஒருவர் தனியாகப் பார்க்கும்போது முழுச் சுமையும் சர்வர் மேல்தான். ஹார்ட் டிஸ்க்கின் விலையை மட்டும் பார்த்து இறங்குகிறவர்கள் அலைவரிசையை மறந்துவிடுகிறார்கள். அந்த 450 எம்பி வகுப்பை 200 பேர் முழுதாகப் பார்த்தால் 90 ஜிபி வெளியே போகும். அதோடு மாதாமாதம் வாடகை, பராமரிக்க ஓர் ஆள். இவை உறுதியான பிறகு இறங்கலாம்.

நம்பிக்கை: ஒரு நகல் விழுப்புரத்தில், ஒரு நகல் திண்டிவனத்தில் இருந்தால் போதும்.

இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, இடையில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து வந்த வெள்ளத்தில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில்கள் நின்றன. அரசூர் அருகே நெடுஞ்சாலையும் முடங்கியது. இரண்டு டிஸ்க்கும் ஒரே மழையில் மாட்டும் தொலைவில் இருந்தால் அது ஒரு நகலுக்குச் சமம்தான். வெளியூரிலோ இணையத்திலோ இன்னொன்று வேண்டும்.

இணையம் என்றதும் இன்டர்நெட் ஆர்க்கைவ் நினைவுக்கு வரும். சரியான இடம்தான். இலவசம், மூலக்கோப்பை அப்படியே தரும், டோரண்ட்டும் தானாகவே உருவாக்கும். ஆனால் 2024 அக்டோபரில் அதையே தாக்கினார்கள். சுமார் 3.1 கோடிக் கணக்குகளின் விவரம் களவு போனது, தளம் பல நாள் முடங்கியது. அதுவும் மூன்று நகல்களில் ஒன்றாகத்தான் இருக்கலாம், ஒரே நகலாக இருக்கக் கூடாது. விக்கிமீடியா காமன்ஸும் உண்டு. எம்பி4 வடிவை அது ஏற்காது, வெப்எம் போன்ற வடிவுக்கு மாற்றித்தான் தர வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் குழுவில் இரண்டே கேள்வி கேளுங்கள். நம் மூலக்கோப்புகள் எந்தெந்த மூன்று இடங்களில் இருக்கின்றன? அந்தக் கணக்குகளின் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கிறதா? இரண்டாவதற்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், அன்றைக்கே இன்னொருவரையும் சேர்த்துவிடுங்கள்.