நடமாடும் கடை வண்டியில் ப்யூஸ் ஏன் அடிக்கடி போகிறது?

பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே தட்டுகள் அடித்து, விளக்கும் ஒலிபெருக்கியும் பொருத்தித் தெருத்தெருவாக மளிகை, காய்கறி விற்பனை செய்யும் வணிகர்கள் பல ஊர்களில் உள்ளனர். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது இத்தகைய வண்டிகள் எவ்வளவு உதவியாக இருந்தன என்பதை நாம் அனைவரும் அறிவோம். இவ்வண்டிகளை வைத்திருப்போர் சொல்லும் குறைகளில் முக்கியமானது, ப்யூஸ் அடிக்கடி போய்விடுகிறது என்பதாகும்.

மாலை வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் விளக்கு அணைந்தால் யாருக்கும் பொறுமை இருக்காது. செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ சுற்றி ப்யூஸ் இருந்த இடத்தில் செருகிவிடுகிறார்கள். விளக்கு எரிகிறது, வியாபாரமும் நடக்கிறது. ஆனால் அந்த நிமிடம் முதல் வண்டியின் ஒயரிங்கிற்குப் பாதுகாப்பு இல்லை. அடுத்த முறை உருகப்போவது, சரக்கு மூட்டைகளுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஒயராக இருக்கலாம். வண்டியும் சரக்கும் சேர்ந்து எரியும் அபாயம் இது.

12 வோல்ட் என்றால் அலட்சியம் வேண்டாம்

"பேட்டரி கரண்ட் தானே, தொட்டால் கூட ஷாக் அடிக்காது" என்று பலர் நினைக்கிறார்கள். ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் ஒயரைச் சூடாக்குவது வோல்ட் அல்ல, ஆம்பியர். வாட் கணக்கை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். கடையில் 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பு எடுப்பது சுமார் கால் ஆம்பியர். அதே 60 வாட்டை வண்டியின் 12 வோல்ட்டில் எடுத்தால் 5 ஆம்பியர். அதாவது, ஏறக்குறைய இருபது மடங்கு. ஓர் ஒயரில் ஓடும் ஆம்பியர் இரண்டு மடங்கானால், அதில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். அந்தச் சூட்டிலிருந்து ஒயரைக் காப்பதே ப்யூஸின் வேலை. ஆகவே ப்யூஸின் அளவை, ஒயரின் கனத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 15 ஆம்பியர், 2.5-க்கு 20, 4-க்கு 30 என்ற அளவைத் தாண்டாமலிருப்பது நல்லது.

போன ப்யூஸ் சொல்லும் சேதி

போன ப்யூஸைத் தூக்கி எறியுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கண்ணாடிக் குழாய் ப்யூஸில் உள்ளே கறுத்து அல்லது வெள்ளி பூசியது போல் இருந்தால், எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. கம்பி நடுவில் மட்டும் அறுந்து, கண்ணாடி சுத்தமாக இருந்தால், பெரும்பாலும் அந்த லைனில் பளு கூடியிருக்கிறது. கம்பி அறாமல் பிளாஸ்டிக் மட்டும் இளகியிருந்தால் குறை ப்யூஸில் இல்லை; அது உட்காரும் கவ்வி தளர்ந்தோ பாசி பிடித்தோ இருக்கிறது. அந்தக் கவ்வியை மாற்றாமல் ப்யூஸை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

புது ப்யூஸ் போட்ட உடனே போனால் ஷார்ட். அரை மணி, ஒரு மணி ஓடிய பின் போனால் பளு. மேடு பள்ளத்தில் குலுங்கும்போது மட்டும் போனால், எங்கோ ஒயர் உரசிப் பாடியைத் தொடுகிறது.

நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

இப்போதைய தட்டை ப்யூஸ்களில் 7.5 ஆம்பியர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ஆனால் சில பழைய வண்டிகளில் இருக்கும் இருபுறமும் கூம்பிய பீங்கான் ப்யூஸ்களில் கணக்கு வேறு: 8 ஆம்பியர் வெள்ளை, 16 சிவப்பு, 25 நீலம். நிறத்தை மட்டும் நம்பாமல், ப்யூஸில் பொறித்துள்ள எண்ணையும் பெட்டி மூடியில் உள்ள அட்டவணையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

குறையைக் கண்டுபிடிக்கும் முறை

1. சாவியை அணைத்து, கடைக்காகச் சேர்த்த விளக்கு, ஒலிபெருக்கி, விசிறி அனைத்தையும் கழற்றுங்கள். பிறகு அதே ஆம்பியர் உள்ள புது ப்யூஸைப் போடுங்கள். நின்றால் குறை கழற்றிய சாமான்களில் அல்லது அவற்றின் பளுவில் இருக்கிறது. மறுபடி போனால் ஒயரிங்கில் இருக்கிறது. மூன்றாவது ப்யூஸ் போட வேண்டாம்.

2. ப்யூஸ் நன்றாக இருந்தும் கரண்ட் வராவிட்டால் டெஸ்ட் லேம்ப் கொண்டு பாருங்கள். அதன் கிளிப்பை வண்டியின் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டி, சாவியைப் போட்டு, முனையால் ப்யூஸின் இரு பக்கமும் தொட வேண்டும். இரு பக்கமும் எரிந்தால் ப்யூஸ் சரி. எர்த்தையோ மேற்கொண்டு செல்லும் ஒயரையோ பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் ப்யூஸ் போயிருக்கிறது. இரு பக்கமும் எரியாவிட்டால் அந்த இடத்திற்குக் கரண்ட்டே வரவில்லை.

3. ஷார்ட் இருக்கும் இடத்தைத் தேட, ப்யூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இரண்டு ஒயரில் இணைத்து மாட்டுங்கள். அந்த லைனில் உள்ள மற்ற பல்புகளையும் சாமான்களையும் கழற்றிவிட வேண்டும். ஷார்ட் இருக்கும்வரை இந்தப் பல்பு பிரகாசமாக எரியும்; ப்யூஸ் எதுவும் வீணாகாது. ஒயர் கட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் கை வைக்கும்போது பல்பு அணைகிறதோ, அங்கேதான் கோளாறு.

நம் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. பின்கதவின் கீல் அருகே ஒயர் மடங்கி மடங்கித் தோல் உரிந்திருக்கும். தட்டு அடிக்கும்போது திருகாணி ஒயரில் ஏறியிருக்கும். சைலன்சர் பக்கம் சூட்டில் இளகியிருக்கும். அரிசி, பருப்பு வாசனைக்கு வரும் எலி, இரவில் ஒயரைக் கடித்திருக்கும். உப்பு மூட்டையிலிருந்து கசியும் நீரும், காய்கறிக்குத் தெளிக்கும் நீரும் ப்யூஸ் பெட்டியில் இறங்கிப் பாசி பிடிக்கச் செய்யும்.

பளுவைக் கணக்கிடுங்கள்

ஓர் உதாரணம். 10 வாட் விளக்கு நான்கு, 40 வாட்; ஒலிபெருக்கி 60; விசிறி 24; எலக்ட்ரானிக் தராசும் செல்போன் சார்ஜரும் 20. மொத்தம் 144 வாட், அதாவது 12 ஆம்பியர். தொடர்ந்து ஓடும் பளு ப்யூஸ் அளவில் முக்கால் பங்கிற்கு மேல் போகக்கூடாது. 15 ஆம்பியரில் முக்கால் பங்கு 11¼ ஆம்பியர்தான். எனவே 15 ஆம்பியர் லைனில் இதை இழுத்தால் ப்யூஸ் போவதில் வியப்பில்லை. இத்துடன் 300 வாட் இன்வெர்ட்டரையும் சேர்த்தால், அது மட்டும் 25 ஆம்பியருக்கு மேல் கேட்கும்.

இதற்கு 30 ஆம்பியர் ப்யூஸ் போடுவது தீர்வல்ல. பழைய ஒயர் அதைத் தாங்காது. கடைச் சாமான்களுக்கென்று பேட்டரியிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும். மேற்சொன்ன 12 ஆம்பியருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் 20 ஆம்பியர் ப்யூஸும் போதும். அந்த ப்யூஸ் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள் இருக்க வேண்டும். ப்யூஸைத் தள்ளி வைத்தால் இடையில் உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே இராது. இரும்பில் துளையிட்டு ஒயர் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் போடச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் தேவையென்றால் அதற்குத் தனி லைன், தனி ப்யூஸ். இந்த வேலையை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுவதே முறை. இன்வெர்ட்டரிலிருந்து வருவது 230 வோல்ட். அதில் நாம் கை வைக்கக் கூடாது.

பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். ஒவ்வொரு அளவிலும் இரண்டு ப்யூஸ், ஒரு டெஸ்ட் லேம்ப், ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் உலர் பொடி தீயணைப்பான் ஒன்று ஆகியவை வண்டியில் எப்போதும் இருக்கட்டும். ப்யூஸின் விலை ஒரு சில ரூபாய். வண்டியில் ஏற்றியிருப்பதோ பல ஆயிரம் ரூபாய்ச் சரக்கு. உங்கள் வண்டியில் யாராவது கம்பி சுற்றி வைத்திருக்கிறார்களா என்று, அடுத்த நடை சரக்கு ஏற்றுமுன் ப்யூஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.