முதல் படமும் வழிப்படமும்

சிரஞ்சீவி தம்பிக்கு,

வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1961-இல் எடுத்த ‘தி பேரன்ட் ட்ராப்’ படத்தையும், அதே நிறுவனத்தார் 1998-இல் அதே பெயரில் மறுபடியும் எடுத்த படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, முதலாவது மூலம், இரண்டாவது நகல், ஆகவே முதலாவதே உயர்ந்தது என்று உன் கட்டுரையில் முடிவு கட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு கார்டில் பதில் போட்டிருப்பேன். கடிதத்தின் ஓரத்தில் ‘ஒரிஜினல் ஒரிஜினல்தான் ஐயா’ என்று சேர்த்திருக்கிறாயே, அதுதான் என்னைச் சீண்டிவிட்டது. கல்யாணப் பந்தியிலும் ரயில் வண்டியிலும் திண்ணைப் பேச்சிலும் இந்த வாசகத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கிறேன். சொல்லுகிறவர் இரண்டு படங்களில் ஒன்றை, பல சமயம் இரண்டையுமே, பார்த்திருக்க மாட்டார். நன்னூல் படித்த நீயும் அதையே சொன்னால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

நன்னூல் இயற்றிய பவணந்தியார் நூல்களை முதல், வழி, சார்பு என்று வகுத்தபோது, முதல்நூலை ஒட்டிச் சென்று, பின்னால் வந்தவன் தனக்கு வேண்டுமென்று கருதும் வேறுபாடுகளையும் சேர்த்து அமைப்பதே வழிநூல் என்று சொன்னாரேயன்றி, வழிநூல் என்ற காரணத்தாலேயே அது தாழ்ந்தது என்று எங்கும் சொல்லவில்லை. பிளாட்டஸ் என்ற ரோமானிய நாடகாசிரியர் இரட்டைச் சகோதரர்களை வைத்து ஒரு நாடகம் எழுதினார். ஷேக்ஸ்பியர் அதை எடுத்துக்கொண்டு, எஜமானர்களோடு வேலைக்காரர்களையும் இரட்டையராக்கி, ஒரு குழப்பத்தை நான்காகப் பெருக்கி ‘காமெடி ஆஃப் எரர்ஸ்’ இயற்றினார். பிளாட்டஸோ தம் நாடகங்களுக்குக் கிரேக்க நாடகங்களைத் தழுவியவர். பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்ய’னாக்கி மேடையேற்றியபோது, ‘மூலம் இருக்க இது எதற்கு?’ என்று எழுந்து போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார். நான் பள்ளி மாணவனாக இருந்த காலத்தில் முதலில் படித்தது முதலியாரைத்தான். ஷேக்ஸ்பியர் பிற்பாடுதான் வந்தார். அதனால் ஷேக்ஸ்பியருக்கு ஒரு குறைவும் ஏற்பட்டுவிடவில்லை.

இருக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். நீ மூலம் என்று மகுடம் சூட்டுகிற 1961-ஆம் ஆண்டுப் படம் மூலமே அல்ல. எரிக் கெஸ்ட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் 1949-இல் வெளியிட்ட ‘தாஸ் தொப்பெல்ட்டெ லாட்ஷன்’ என்ற சிறுவர் நாவல்தான் அதற்கு ஆதாரம் என்பதைப் படத்தின் தொடக்கத்திலேயே எழுத்துப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள்; எழுத்து ஓடும்போது நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்? அந்த நாவலை 1950-இல் ஜெர்மனியிலேயே யோசெஃப் ஃபான் பாகி படமாக்கினார். திரைக்கதை கெஸ்ட்னருடையது, கதையை எடுத்துரைக்கும் குரலும் அவருடையதே. மறுவருஷம் ஜெர்மானிய அரசின் திரைப்பட விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்டபோது சிறந்த படம் என்ற பரிசு அதற்குத்தான் கிடைத்தது. 1953-இல் பிரிட்டனில் எமெரிக் பிரஸ்பர்கர் அதே கதையை ‘ட்வைஸ் அப்பான் எ டைம்’ என்ற பெயரில் எடுத்தார். ஆகவே டிஸ்னி படம் இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் நிற்கிறது.

இதைவிட விநோதம் ஒன்று உண்டு. 1933-இல் நாஜிகள் பெர்லின் நகரில் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தியபோது, தம்முடைய நூல்கள் எரிவதைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தவர் கெஸ்ட்னர். எழுதக்கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த அவருக்கு யுத்தத்தின் நடுவே சிறிது காலம் புனைபெயரில் திரைப்படத்துக்கு எழுத அனுமதி கிடைத்தது. அந்த இடைவெளியில், 1942-இல், இந்த இரட்டைக் குழந்தைகளின் கதையை முதன்முதலில் ஒரு திரைப்படச் சுருக்கமாகத்தான் எழுதினார். தடை மறுபடியும் வந்தது, படம் நின்றுபோயிற்று. யுத்தம் முடிந்தபின் அந்தச் சுருக்கத்தை அவர் நாவலாக விரித்தார். ஆக, எல்லாவற்றுக்கும் ஆதியான மூலம் எது என்று விடாப்பிடியாகத் தேடிக்கொண்டு போனால், எடுக்கப்படாமல் போன ஒரு படத்தில் போய் நிற்பாய். அதைப் பார்த்துவிட்டு ‘ஒரிஜினல் ஒரிஜினல்தான்’ என்று சொல்ல உன்னால் முடிந்தால் சொல்.

படங்களின் கதை உனக்குத் தெரிந்ததே. நாவல் தெரியாதென்று நினைக்கிறேன், ஆகையால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். வியன்னாவில் இசைக்குழு நடத்துநரான தந்தையிடம் வளரும் லூயிஸ் செல்வச் சிறுமி, துடுக்கானவள். மியூனிக்கில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்யும் தாயிடம் வளரும் லோட்டே, தாய் களைத்து வீடு திரும்புமுன் கடைக்குப் போய், உலையேற்றி, மேசை போட்டு, பத்து வயதுக்குள் குடும்பஸ்திரீயாகிவிட்டவள். பெற்றோர் பிரிந்ததால் தனித்தனியே வளர்ந்த இந்த இரட்டையர் ஒரு விடுமுறை இல்லத்தில் சந்தித்து, இடம் மாறுகிறார்கள். லூயிஸுக்குச் சமையல் தெரியாது. சகோதரி எழுதிக் கொடுத்த குறிப்புகளை வைத்துக்கொண்டு அடுப்போடு போராடி அழுகிறாள். வியன்னாவுக்குப் போன லோட்டேயோ வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டி, சமையற்காரி தந்தையிடம் சுருட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்துவிடுகிறாள்! இந்தக் கணக்கு நோட்டுக் காட்சிக்கு ஈடாக உலகச் சிறுவர் இலக்கியத்தில் வேறொன்றை எனக்குச் சொல்ல முடியுமானால் சொல், என் புத்தக அலமாரியிலிருந்து நீ கேட்கும் நூலைத் தருகிறேன். ஒரு குழந்தையின் சாமர்த்தியத்தைக் காட்டிச் சிரிக்கவைத்துக்கொண்டே, அந்தச் சாமர்த்தியம் அவளுக்கு எப்படி வந்தது என்று நினைக்கவைத்து நெஞ்சைக் கனக்கச் செய்வது சாமானிய வித்தை அல்ல.

உண்மை வெளிப்படும் விதத்தையும் பார். அந்த விடுமுறை இல்லத்து ஊரில் இரு சிறுமிகளையும் ஒன்றாகப் படமெடுத்த புகைப்படக்காரர், அந்தப் படத்தை மியூனிக் பத்திரிகைக்கு அனுப்புகிறார். அது போய்ச் சேரும் மேசை அவர்களுடைய தாயின் மேசை. தற்செயல்தான், ஆனால் அவள் உழைத்துப் பிழைப்பவள் என்பதிலிருந்து முளைத்த தற்செயல். நடுவே கெஸ்ட்னர் கதையை நிறுத்தி, விவாகரத்தைப் பற்றிச் சிறுவர் நூலில் எழுதலாமா என்று முகம் சுளிக்கக்கூடிய பெரியவர்களை நோக்கி, ஷெர்லி டெம்பிள் என்ற குழந்தை நட்சத்திரம் தான் நடித்த படத்தைப் பார்க்கப் போனபோது வயது போதாதென்று திருப்பி அனுப்பப்பட்ட கதையைச் சொல்லுகிறார். பெற்றோரின் பிரிவை அனுபவிக்கும் வயது வந்த குழந்தைக்கு, அதைப் பற்றிப் படிக்கும் வயது வரவில்லையா என்பது அவருடைய கேள்வி. எனக்கு இன்றுவரை அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் எவரையும் தெரியாது.

குடும்ப ஹாஸ்யப் படத்தை நிறுக்க என் அபிப்பிராயத்தில் இரண்டு படிக்கற்கள் போதும். தாய் தந்தையர் பிரிந்ததற்கு நம்பத்தக்க காரணம் உண்டா? குழந்தைகள் இடம் மாறியதற்கு அவர்கள் ஏதேனும் விலை கொடுத்தார்களா? எந்த வருஷத்துப் படம் என்று நீ கேட்பதைவிட இதைக் கேட்பது பிரயோஜனம்.

இரண்டாவது கேள்வியில் உன்னுடைய இரு படங்களுமே தோற்கின்றன. 1961-இல் தாய் பாஸ்டன் நகரத்துச் சீமாட்டி, தந்தை கலிஃபோர்னியாவில் பெரும் பண்ணைக்காரர். 1998-இல் தாய் லண்டனில் மணப்பெண் ஆடை வடிவமைப்பவர், தந்தை நாப்பா பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டமும் மது உற்பத்தியும் உடையவர். ஒரு மாளிகையிலிருந்து இன்னொரு மாளிகைக்குப் போகும் குழந்தை எதை இழக்கிறது? அடுப்பு எரிக்கவும் வேண்டாம், கணக்குப் பார்க்கவும் வேண்டாம். பின்னதில் லண்டன் வீட்டில் பட்லர் வேறு! தந்தை மணக்கவிருக்கும் பெண்ணை விரட்டும் பகுதியிலும் இதே குறைதான். நாவலில் லோட்டே தன்னந்தனியாக அந்தப் பெண்ணின் வீட்டைத் தேடிப்போய், என் தந்தையை நீங்கள் மணக்கக்கூடாது என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, மனம் நொந்து நோயில் விழுகிறாள். டிஸ்னி படங்களில் அந்தப் பெண்ணைக் காட்டுக்கு அழைத்துப் போய், முதலாவதில் கால்களில் தேன் பூசிக் கரடிக் குட்டிகளை நக்கவிடுகிறார்கள்; இரண்டாவதில் தூங்குகிறவளைக் காற்று மெத்தையோடு ஏரியில் மிதக்கவிடுகிறார்கள். குழந்தைகள் கொட்டகையில் கைதட்டுவார்கள், வாஸ்தவம். எனக்கு அந்தப் பெண்ணின்மேல் இரக்கம்தான் வந்தது.

இனி இரண்டையும் ஒப்பிடுவோம். 1961-இல் இரட்டையராக நடித்த ஹேலி மில்ஸ் ஆங்கிலேயப் பெண். ‘பாலியானா’வில் அவரை இயக்கிய டேவிட் ஸ்விஃப்ட்தான் இதையும் இயக்கினார். பாஸ்டன் சிறுமியும் கலிஃபோர்னியாச் சிறுமியும் ஒருங்கே இங்கிலாந்து உச்சரிப்பில் பேசுவதைக் கேட்டு நீ ஏன் திடுக்கிடவில்லை? 1998-இல் நான்சி மேயர்ஸ் (அது அவர் இயக்கிய முதல் படம்) தாயை லண்டனுக்கே குடிபெயர்த்து, பழைய படத்தின் பிழையைப் புதிய படத்தின் சுவையாக மாற்றிவிட்டார். இரட்டையராக நடித்த லிண்ட்சே லோஹனுக்கும் அது முதல் படம். அமெரிக்கப் பேச்சு, ஆங்கிலப் பேச்சு, ஆங்கிலப் பெண் அமெரிக்கப் பெண்ணாக நடிக்கும்போது பேசும் பேச்சு, அமெரிக்கப் பெண் ஆங்கிலப் பெண்ணாக நடிக்கும்போது பேசும் பேச்சு என்று நான்கையும் அந்தச் சிறுமி பிரித்துக் காட்டுகிறாள். யந்திர விஷயத்திலும் அப்படியே. பழைய படத்தில் திரையைப் பாதியாகப் பிரித்து எடுத்த இடங்களில் காமிரா ஆணியடித்தாற்போல் நிற்கும். புதியதில் கணினியின் ஆணைப்படி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் காமிரா வந்துவிட்டபடியால், இரு சிறுமிகளையும் சுற்றிச் சுற்றி அது நடமாடுகிறது. பழைய படத்தில் விரட்டப்பட்ட மணப்பெண்ணாக நடித்த ஜோயன்னா பார்ன்ஸையே புதிய படத்தில் விரட்டப்படும் மணப்பெண்ணின் தாயாராக்கிய குறும்பையும் நீ கவனித்திருக்க வேண்டும். தன் முன்னோனுக்கு வணக்கம் சொல்லும் வழிநூலாசிரியன் இப்படித்தான் சொல்லுவான்.

ஆனால் பெற்றோர் விஷயத்தில் நிலைமை தலைகீழ். புதிய படத்தில் கணவனும் மனைவியும் ஏன் பிரிந்தார்கள்? நான் புறப்பட்டேன், நீங்கள் பின்னால் வரவில்லை என்கிறாள் அவள். வரவேண்டுமென்று நீ நினைத்தது எனக்குத் தெரியாதே என்கிறான் இவன். தாயாக நடித்த நடாஷா ரிச்சர்ட்ஸனின் முகத்தில் ஓடும் பாவத்துக்காக அந்தக் காட்சியை நான் மன்னிக்கிறேன். ஆயினும் இரு குழந்தைகளை இரு கண்டங்களில் பதினோரு வருஷம் வளர்க்க இது ஒரு காரணமா? பழைய படத்தில் மௌரீன் ஓ’ஹாராவும் பிரையன் கீத்தும் சந்தித்த உடனே கத்துகிறார்கள். அவள் அவன் கண்ணிலேயே குத்துகிறாள். இவர்கள் சேர்ந்து வாழவும் முடியாது, பிரிந்து வாழவும் முடியாது என்பது பார்ப்பவனுக்கு அக்கணமே விளங்கிவிடுகிறது. கடைசியில் அவள் சமையலறையில் இறைச்சிக் குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருக்க, குளியலறையில் தொங்கிய அவளுடைய ஈரக் காலுறைகள் இல்லாமல் போனது தன்னை எப்படி வாட்டியது என்று அவன் தடுமாறித் தடுமாறிச் சொல்லுகிறானே, அதுவன்றோ தாம்பத்யம்! கப்பலும் நிலவும் வயலினும் வைத்துப் புதிய படத்தார் சாதிக்க முடியாததை ஈரத்துணியை வைத்து இவர்கள் சாதித்துவிட்டார்கள்.

நம் ஊரில் இந்தக் கதைக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்னி படத்தைத் தழுவி 1965-இல் ஏ.வி.எம். நிறுவனத்துக்காகக் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய ‘குழந்தையும் தெய்வமும்’, ஜாவர் சீதாராமன் எழுதியது. ஜெய்சங்கரும் ஜமுனாவும் பெற்றோர், குட்டி பத்மினி இரட்டையர். இந்துத் திருமணச் சட்டம் வந்து பத்தே வருஷம் ஆகியிருந்த காலத்தில், காரணமில்லாத பிரிவை நம் தாய்மார்கள் ஒப்புவார்களா? ஆகவே சீதாராமன், ஜி. வரலட்சுமி நடித்த செல்வச் செருக்குள்ள மாமியாரை நடுவே நிறுத்தினார். வீட்டோடு மாப்பிள்ளையின் மானப் பிரச்சினை என்ன என்பதை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. பிரிவுக்கு அசைக்க முடியாத காரணம் கிடைத்துவிட்டது. என் முதற்கேள்விக்கு மற்றெல்லாப் படங்களையும்விட நேரான பதில் இந்த வழிப்படத்தில்தான் இருக்கிறது என்று துணிந்து சொல்லுவேன். பிறகு அதே நிறுவனத்தார் தெலுங்கில் ‘லேத மனசுலு’ என்றும், இந்தியில் ‘தோ கலியான்’ என்றும் அதை எடுத்தார்கள். தமிழிலும் தெலுங்கிலும் குட்டி பத்மினியே. இந்தியில் அந்த இரட்டை வேடத்தில் வந்த சிறுமிதான் பின்னாளில் கதாநாயகியான நீத்து சிங். இந்திப் படத்தைப் பார்த்த வடநாட்டு ரசிகருக்கு மூலம் எது? சென்னையா, கலிஃபோர்னியாவா, மியூனிக்கா?

என் தீர்ப்பைக் கேட்டாயல்லவா? சிறுமிகளுக்காக 1998, தாய் தந்தையருக்காக 1961. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாமென்று யாராவது கட்டாயப்படுத்தினால், அந்தக் குழம்புக் காட்சிக்காகப் பழையதையே வைத்துக்கொள்வேன். அது முந்தியது என்பதற்காக அல்ல. இரண்டையும்விட மேலாக நான் மதிப்பது அந்தக் கணக்கு நோட்டுச் சிறுமியை.

கட்டுரையை அனுப்புவதற்கு முன் கெஸ்ட்னரின் நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பிலாவது படித்துவிடு. ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தைத் தனியாகப் பார்க்காதே. உன் பாட்டியை உட்காரவைத்துக்கொண்டு பார், அந்த மாமியாரைப் பற்றி அவர் என்ன சொல்லுகிறார் என்பதையும் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் ஆசிரியன்