காப்பு என்னும் சொல்லும் ஸ்ரெப்ரெனிட்சா நகரும்

தமிழில் காப்பு என்னும் சொல்லுக்குப் பொருள் பல. நூலின் தொடக்கத்தில் பாடப்படுவதும் காப்பு. குழந்தையின் கையில் அணிவிக்கப்படுவதும் காப்பு. அரணும் காவலும் காப்பே. காப்பளிப்பவர் அதற்குப் பொறுப்பேற்கிறார் என்பது இவற்றில் உள்ளுறைந்து நிற்கும் கருத்தாகும். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கிறார். அவ்வடைக்கலத்தைக் காக்க இயலாமற் போனமைக்காக மாதரி தீயிற் புகுந்தாள் என்பது நீர்ப்படைக் காதை தரும் செய்தி. ஒரு முதுமகள் உணர்ந்த அப்பொறுப்பை உலக நாடுகளின் பேரவை எவ்வாறு உணர்ந்தது என்பதை ஒரு சிற்றூரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

யூகோஸ்லாவியக் கூட்டாட்சியின் ஆறு குடியரசுகளுள் போஸ்னியா-ஹெர்ஸகோவினாவும் ஒன்று. 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்களுள் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் முஸ்லிம்கள்; 31 விழுக்காட்டினர் செர்பியர்; 17 விழுக்காட்டினர் குரோவாசியர். 1992 ஏப்ரலில் அது தனிநாடாக ஏற்கப்பட்டவுடன் போர் மூண்டது. ஐ.நா. பாதுகாப்பு அவை 1991 செப்டம்பரிலேயே யூகோஸ்லாவியா முழுமைக்கும் ஆயுதத் தடை விதித்திருந்தது. தடை எல்லோருக்கும் பொதுவே. ஆயின் பழைய கூட்டாட்சிப் படையின் பீரங்கிகளும் டாங்கிகளும் பெரும்பாலும் செர்பியர் பக்கமே சென்றிருந்தன. கையில் ஆயுதம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே தடை விதிப்பது நடுவுநிலைமை ஆகாது என்பதே எம் கருத்து.

டிரினா ஆற்றுக்கு அண்மையில், மலைகளுக்கிடையே அமைந்தது ஸ்ரெப்ரெனிட்சா. அவ்வட்டாரத்தில் நான்கில் மூவர் முஸ்லிம்கள். சுற்றியுள்ள ஊர்களினின்றும் விரட்டப்பட்டோர் அந்நகரில் வந்து குவிந்தனர். 1993 ஏப்ரல் 16 அன்று பாதுகாப்பு அவை தன் 819ஆம் தீர்மானத்தால் அதனைப் ‘பாதுகாப்பான பகுதி’ என அறிவித்தது. மே மாதத்தில் சராயேவோ, துஸ்லா, ஷெபா, கொராஷ்டே, பிகாச் ஆகியவையும் அவ்வாறே அறிவிக்கப்பெற்றன.

ஈண்டு மொழி பயிலும் மாணவர் கருத்தூன்ற வேண்டிய இடம் ஒன்றுண்டு. 1993 ஜூன் 4 அன்று நிறைவேறிய 836ஆம் தீர்மானம் ஐ.நா. படையின் கடமையை வரையறுத்தது. அதில் ‘காத்தல்’, ‘அரணாக நின்று போரிடுதல்’ என்னும் பொருளுடைய சொற்கள் விலக்கப்பட்டன. தாக்குதல் நிகழாவண்ணம் ‘அச்சுறுத்தித் தடுத்தல்’ என்னும் பொருளுடைய சொல்லே இடம்பெற்றது. படைவலியைப் பயன்படுத்துவதும் தற்காப்பு என்பதனோடு பிணைக்கப்பட்டது. நகரத்து மக்களோ ‘பாதுகாப்பான பகுதி’ என்னும் தலைப்பை நம்பினர். அதன் கீழுள்ள வினைச்சொல்லை அவர்களுக்கு எடுத்துரைத்தவர் எவருமிலர். படையினர் 34,000 பேர் வேண்டும் எனக் கணிக்கப்பட்டபோது, 7,600 பேர் கொண்ட எளிய ஏற்பாட்டுக்கே ஒப்புதல் கிடைத்தது.

நகருக்குள் இருந்த போஸ்னியப் படையினர் முற்றும் ஆயுதம் களையவில்லை என்பதும், அங்கிருந்து புறப்பட்டோர் அண்டைச் செர்பிய ஊர்களைத் தாக்கியதில் உயிரிழப்பு நேர்ந்தது என்பதும் மறைக்கத் தக்கன அல்ல. ஆனால் பின்னர் நிகழ்ந்ததற்கு அவை நியாயமாகா.

1995 ஜூலை 11 அன்று ராட்கோ மிலாடிச்சின் படை நகரைக் கைப்பற்றியது. அப்போது அங்குக் காவலிருந்த நெதர்லாந்துப் படையினர் சில நூற்றுவரே. கேட்ட வான்படை உதவி காலந்தாழ்ந்து, சிறு அளவிலேயே வந்தது. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் பொட்டோச்சாரியில் இருந்த ஐ.நா. முகாமை நாடி ஓடினர். அங்கே ஆண்கள் பிரிக்கப்பட்டனர்; பெண்களும் குழந்தைகளும் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். காட்டு வழியே துஸ்லா நோக்கி நடந்த ஆடவர் பலரும் பிடிபட்டனர். சில நாள்களுக்குள் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர்.

1999 நவம்பரில் கோஃபி அன்னான் வெளியிட்ட அறிக்கை ஐ.நா.வின் பிழைகளை ஒளிக்காமல் கூறிற்று. தீர்மானச் சொற்களைப் பற்றி மேலே கண்ட செய்தியும் அதில் உள்ளதே. யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயம் நிகழ்ந்தது இனப்படுகொலையே என 2001இல் கிர்ஸ்டிச் வழக்கில் தீர்ப்பளித்தது. பதினாறு ஆண்டுகள் ஒளிந்திருந்து 2011இல் பிடிபட்ட மிலாடிச்சுக்கு 2017இல் விதிக்கப்பட்ட வாழ்நாள் சிறை 2021இல் உறுதியாயிற்று.

இவற்றினும் நுண்ணியது 2007 பிப்ரவரி 26 அன்று பன்னாட்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. செர்பிய அரசு தானே இக்கொலையைச் செய்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை; ஆயினும் தடுக்கும் ஆற்றல் பெற்றிருந்தும் தடுக்க முயலாதது 1948ஆம் ஆண்டு உடன்படிக்கையை மீறிய செயல் என்றது அத்தீர்ப்பு. வாளாவிருத்தலும் குற்றமாகும் என்பதை நாடுகளுக்கிடையேயான சட்டம் இவ்வாறு எழுத்தில் வடித்தது.

நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2019இல் அளித்த தீர்ப்போ படிப்பவர் நெஞ்சை வேறுவகையில் உறுத்தும். முகாமின் உள்ளேயே இருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 350 ஆண்களை அங்கேயே இருக்க விட்டிருந்தால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று இருந்திருக்கும் எனக் கணித்து, இழப்பில் 10 விழுக்காட்டுக்கு மட்டுமே அரசு பொறுப்பு என்றது. கணக்கு சரியாயிருக்கலாம். ஒரு தாயிடம் இதனை எவர் எடுத்துக் கூறுவது?

கொன்றவர்கள் தடயத்தை மறைக்க எண்ணி, புதைத்த உடல்களை இயந்திரங்களால் தோண்டி வேறிடங்களில் மீண்டும் புதைத்தனர். அதனால் ஒருவரின் எலும்புகளே பல குழிகளில் சிதறிக் கிடந்தன. மரபணுச் சோதனையால் அடையாளம் காணப்பட்டோர் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 11 அன்று பொட்டோச்சாரியில் அடக்கம் செய்யப்படுகின்றனர். இதுவரை அங்கு அடங்கியோர் 6,700க்கும் மேற்பட்டவர். சில குடும்பங்கள், கிடைத்த ஓரிரு எலும்புகளை அடக்கம் செய்வதா, எஞ்சியவை கிடைக்கும் வரை பொறுத்திருப்பதா என முடிவு செய்ய இயலாமல் இன்னும் காத்திருக்கின்றன.