மண்ணுக்கு மீளும் தாள்

நுழையும்முன்

மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் உலையில் இடப்படும் அரிசி, நெற்பயிரின் ஒரு பகுதியே. வைக்கோலும் அடித்தாளும் வேரும் எங்கே செல்கின்றன? அவை செல்லும் இடத்தைப் பொறுத்தே மண்ணின் வளம் அமைகிறது.

பெயரில் உறையும் அறிவு

காவிரிப் படுகையில் குறுவையை அறுத்த வயலில், எஞ்சிய தாளை உழுது மடக்கி மறுபோகம் நடுவர். தாள் நின்ற நிலத்தில் நடப்படுவதால் அப்போகம் ‘தாளடி’ எனப் பெயர்பெற்றது.

தாள் மட்காகும் வகை

1 டன் உலர்ந்த வைக்கோலில் ஏறத்தாழ 400 கிலோ கரிமம் உள்ளது. அதனை மடக்கி உழும்போது நுண்ணுயிர்கள் உணவாகக் கொள்கின்றன. கரிமத்தின் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. சிறுபகுதி களித்துகள்களோடு பிணைந்து மட்காக நிலைக்கிறது. நீர் தேங்கிய வயலில் உயிர்வளி குறைவதால் சிதைவு மெதுவாகவே நிகழும். ஆகவே, நன்செய் மண் கரிமத்தை மிகுதியாகச் சேமிக்க வல்லது. தாளை எரித்தாலோ, கரிமமும் தழைச்சத்தும் பெரும்பாலும் புகையாகிவிடும்.

காலம் அறிதல்

மடக்கி உழுதால் மட்டும் போதுமா? வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதால் இளம்பயிர் சில வாரங்கள் வெளிறி நிற்கும். புதுத்தாளை மடக்கி உடனே நீர் தேக்கினால் மீத்தேன் வளி பெருகும். புவியை வெப்பமாக்கும் அவ்வளி, மண்ணில் கரிமம் சேர்வதால் விளையும் நன்மையைக் குறைத்துவிடும்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படும். அதற்கு முந்திய கோடையில், நடவுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாகவே தாளை மடக்கி உழுதால், அது காற்றோட்டத்தில் மட்கும். மீத்தேனும் பெரிதும் குறையும். குறுவைக்கும் தாளடிக்கும் இடையிலோ அத்தகைய அவகாசம் இல்லை. அப்போது வைக்கோலை மாட்டுக்கு ஈந்து, சாணத்தை எருவாக்கி வயலில் இடலாம். எஞ்சிய தாளை மடக்கித் தொடக்கத்திலேயே சிறிது தழைச்சத்து இடுவதும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவதும் ஏற்றவை.

விளைந்த அனைத்தையும் வெளியேற்றும் வயல் ஆண்டுதோறும் மெலியும். மண்ணின் பங்கை மண்ணுக்கு உரிய காலத்தில் அளிப்பதும் உழவே.

தெரிந்து தெளிவோம்

மண் ஆய்வில் அங்ககக் கரிமம் 0.5 விழுக்காட்டிற்குக் கீழ் இருப்பின் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம். அதற்கு மேல் மிகுதி எனக் கொள்வர்.

கற்பவை கற்றபின்

1. ‘தாளடி’ போன்று வேளாண் முறையை உணர்த்தும் சொற்களைத் திரட்டிப் பொருள் எழுதுக.
2. உழவர் ஒருவரின் மண்வள அட்டையைக் கேட்டுப் பெற்று, அதிலுள்ள அங்ககக் கரிமத்தின் அளவை வகுப்பறையில் கலந்துரையாடுக.