கண்மாயில் பறவைகளுக்கும் இடம் வேண்டும்

முல்லைப் பெரியாற்று நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடியாகிறது. இரண்டாம் போக அறுவடை முடிந்து, சித்திரையில் கண்மாய்களில் நீர் குறையும். ஜூனில் முதல் போகத்துக்கு நீர் திறக்குமுன் வண்டல் அள்ள இதுவே தருணம். ஆனால் பொக்லைன் இறங்கியதும் உள்வாய் முழுவதையும் மொட்டையடித்து விடுகின்றனர். பறவைகள் தங்க இடமின்றிப் போகிறது.

அகற்ற வேண்டியது சீமைக்கருவேலை மட்டுமே. வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேரோடு பெயர்த்தெடுத்தல் வேண்டும். கூடு உள்ள மரத்தைக் குஞ்சுகள் பறந்து செல்லும்வரை விட்டுவைக்கவும். நாட்டுக்கருவேலைத் தொடலாகாது. நீர் சூழ்ந்து நிற்கும் அம்மரங்களில்தான் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும். பூனையும் நாயும் அங்கே அண்டா. அனுமதி பெற்று அள்ளும் மண்ணில் ஒரு பகுதியால் கரையிலிருந்து தள்ளித் திட்டுகள் அமைத்து, நாட்டுக்கருவேல், நீர்க்கடம்புக் கன்றுகளை நடலாம். கண்மாய் முழுவதையும் ஒரே ஆழமாகத் தோண்டாமல் ஒருபுறத்தைச் சரிவாக விட்டால், நாரைகள் நின்று இரை தேடும்.

இதனால் உழவருக்கு என்ன ஆதாயம் என்பார் உண்டு. செங்கற்பட்டை அடுத்த வேடந்தாங்கல் விவசாயிகளைக் கேட்கலாம். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்கள் வயலுக்கு உரம். பறவைகளைச் சுடுவதைத் தடுக்க 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேசிடம் கௌல் பெற்ற ஊர் அது!

மீன் குத்தகைதாரர்களிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நலம். அவர்கள் வெடி போட்டு விரட்டினால் திட்டும் மரமும் இருந்தும் பறவை தங்காது.