சுமை இறங்கும் இடம்

நுழையும்முன்
ஓய்வு உடலுக்கு மட்டும் உரியதன்று, உள்ளத்திற்கும் வேண்டும். அவ்வோய்வைக் கிறித்தவம் எங்கே காண்கிறது என்பதைத் தமிழ்க் காப்பியம் ஒன்றன் வழி அறிவோம்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலமலைக்கு ஏறும் பாதைகளில் ஒரு காலத்தில் மக்கள் தலைச்சுமையோடு நடந்தனர். அத்தகைய வழிநடையோர்க்காகத் தமிழகத்தின் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டன. நிறுத்திய இரு கற்கள். அவற்றின்மேல் கிடத்திய ஒரு பலகைக்கல். பிறர் துணையின்றிச் சுமையை இறக்கவும், இளைப்பாறியபின் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அது நின்றது.

தலைச்சுமைக்குக் கல் போதும். குற்றவுணர்வு, அச்சம் ஆகிய உள்ளச்சுமைகளுக்கு எது தாங்கி? சுமையால் சோர்ந்தோரை இயேசு பெருமான் தம்மிடம் அழைத்ததை மத்தேயு நற்செய்தி கூறுகிறது. இளைப்பாறுதல் தருவதாகச் சொன்ன அவர், தம் நுகத்தை ஏற்குமாறும் உடன் கூறினார். நுகம் உழைப்பின் அடையாளமாயிற்றே! ஓய்வு தருபவர் நுகத்தையும் தருவது ஏன்? இப்பள்ளத்தாக்கின் வயல்களில் ஏர் பூட்டியோர் இதனை அறிவர். நுகத்தடி இரு மாடுகளை இணைப்பது. இணைந்து இழுக்கையில் உழைப்பு நீங்குவதில்லை. தனித்துச் சுமக்கும் சோர்வே நீங்குகிறது.

இங்கிலாந்தில் பாத்திரம் செப்பனிடும் தொழிலாளியாக இருந்தவர் ஜான் பனியன். இசைவின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காக அவர் 1660இல் சிறைப்பட்டார். இனிப் பேசேன் என்று உறுதியளித்திருந்தால் விடுதலை கிடைத்திருக்கும், அவர் அளிக்கவில்லை. பார்வையற்ற மகளைப் பிரிந்த துயரோடு பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கழிந்தன. 1678இல் வெளிவந்த அவரது 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' நூலில், பயணி ஒருவன் முதுகில் சுமந்து வந்த சுமை சிலுவையின் அடியில் அவிழ்ந்து வீழ்கிறது.

அக்கதையைத் தமிழ்ப் பெருங்காப்பியமாக்கியவர் எச்.ஏ. கிருட்டிணபிள்ளை. வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணத்தில் தோய்ந்த அவர், 1858இல் கிறித்தவரானார். சமயம் மாறினும் கம்பனின் தமிழை அவர் கைவிடவில்லை. தாம் கண்ட ஆறுதலைப் பாடுவதற்கு அத்தமிழே அவருக்குத் துணையாயிற்று.

இங்கு ஒன்றை உற்றுநோக்க வேண்டும். சுமைதாங்கியில் இறக்கிய சுமை மீண்டும் தலைக்கு ஏறும். சிலுவையடியில் வீழ்ந்த சுமையோ பயணியிடம் திரும்புவதில்லை. ஆயினும் பயணம் அங்கே முடிந்துவிடவில்லை. இடரும் மருட்சியும் நிறைந்த வழி அதன்பின்னும் நீள்கிறது. அவ்வழியை அவன் நிமிர்ந்து நடந்து கடக்கிறான். கிறித்தவம் கூறும் இளைப்பாறுதல், வழியிலிருந்து விலகுவதன்று. வழிநடக்கும் வலிமை பெறுவதாகும்.

நூல்வெளி
'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. 3766 பாடல்களை உடையது. இதன் ஆசிரியர் எச்.ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900), நெல்லை மாவட்டத்தின் கரையிருப்பில் பிறந்தவர். 'கிறித்தவக் கம்பர்' எனப் போற்றப்படுபவர்.

கற்பவை கற்றபின்
உங்கள் பகுதியில் சுமைதாங்கிக் கற்கள் இருந்த இடங்களைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்கக் குறிப்பு எழுதுக.